சும்மா இருப்பவர்கள்

ஒருவன் வேலை செய்வதைப் பதினைந்து பேர் நின்று வேடிக்கை பார்ப்பதைக் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன். ரோடு போடுகிற இடத்தில் பார்த்திருக்கிறேன். குடும்பங்களில், எங்கள் குடும்பம் உள்பட, பார்த்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயும் அது நடக்கும் என்பது போன வருஷம் ஐப்பசி மாசத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

என் தம்பி மகன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவன். அவன் குடியிருந்த வீட்டைச் சொந்தக்காரர் விற்றுவிட்டார். வேறு வீடு கிடைக்கிற வரையில் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்துகொள்ளலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். கோயமுத்தூரில் அப்பா அம்மா இருக்க, அவன் எங்கள் ஊருக்கு வந்தான். எனக்கும் என் தம்பிக்கும் பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகிறது. பையன் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வந்து போய்க்கொண்டிருந்தான். பெரியம்மா சமையல்தான் காரணம் என்று சொல்லுவான். அவன் பெரியம்மா அதை நம்புவாள்.

துணிமணிக்கு ஒரு சின்னப் பை, யந்திரத்துக்கு ஒரு பெரிய பெட்டி. கூடத்தை ஒட்டிய அறையில் அதை இறக்கி வைத்தான். என் அம்மா கடைசி எட்டு மாசம் படுத்திருந்த அறை அது.

மூன்றாம் நாள் காலையில் காப்பி எடுத்துக்கொண்டு போனபோது, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"வேலை இல்லையாடா?" என்றேன்.

"பில்டு ஓடுது பெரியப்பா. 38 நிமிஷம் ஆகும்."

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். கணக்குக்கும் எனக்கும் அதற்கு முன்பே விவாகரத்து ஆகிவிட்டது. ஆனாலும் அவன் சொன்ன விதத்தில் எனக்குப் புரிந்தது. மனுஷர்கள் படிக்கிற எழுத்தாகத்தான் புரோகிராமை எழுதுகிறார்கள். ஒரே நீளமாக எழுதுவதில்லை. ஆயிரக்கணக்கான ஃபைல்களாகப் பிரித்து எழுதுகிறார்கள். ஒவ்வொன்றையும் யந்திரத்தின் பாஷைக்கு மாற்றுவது 'கம்பைல்' செய்வது. மாற்றியதையெல்லாம் கடைசியில் ஒன்றாகக் கோப்பது 'லிங்க்' செய்வது. இரண்டும் சேர்ந்ததுதான் பில்டு. ஒரு நாவலின் அத்தியாயங்களைப் பல பேருக்குப் பங்கு போட்டு அச்சுக் கோக்கக் கொடுத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு பைண்டரிடம் கொடுக்கிற மாதிரி. இந்த உவமை அவனுடையதல்ல, என்னுடையது. "கரெக்ட் பெரியப்பா" என்று அவன் ஒத்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அந்த யந்திரத்துக்கு 16 கோர். அதாவது, ஒரே பிராசசருக்குள் பதினாறு வேலையாட்கள். சொந்தப் பணத்தில் வாங்கியிருக்கிறான். பதினாறு பேரும் ஆளுக்கொரு ஃபைலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை சீக்கிரம் முடியவேண்டும். வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கிற மேஸ்திரி ஒருவன் உண்டு. அவன் பெயர் 'மேக்'. 1976-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவர் எழுதிய புரோகிராம் அது. அவருடைய சகா ஒருவர் தம் புரோகிராமில் இருந்த தப்பைத் திருத்திவிட்டு, திருத்தின ஃபைலைக் கம்பைல் செய்ய மறந்துபோய், சரியாக இருக்கிற எழுத்தில் தப்பைத் தேடிக்கொண்டு ஒரு காலைப்பொழுதைத் தொலைத்துவிட்டாராம். அந்தக் கோபத்தோடு இவர் அறைக்குள் வந்து இரைந்திருக்கிறார். எதை மாற்றினால் எதையெல்லாம் மறுபடி செய்யவேண்டும் என்பதை மனுஷன் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, யந்திரமே பார்த்துக்கொள்ளட்டும் என்று இவர் எழுதினார். இன்றைக்கும் உலகமெல்லாம் அந்த மேஸ்திரி வேலை பார்க்கிறான்.

"16 பேரையும் விட்டு வேலை வாங்குன்னுதான் அதுக்குச் சொல்லியிருக்கேன். பாருங்க" என்று திரையைக் காட்டினான்.

சின்ன ஜன்னல் ஒன்றில் பதினாறு பச்சைக் கோடுகள். ஒரு கோடு ஒரு ஆள். வேலை அதிகமாக ஆகக் கோடு நீளும். நான் பார்த்தபோது ஒரே ஒரு கோடுதான் முழு நீளம் இருந்தது. மற்றப் பதினைந்தும் முளைவிட்ட பயறு மாதிரி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத் திடீரென்று எல்லாம் நீண்டன. அப்புறம் நாலு. அப்புறம் மறுபடி ஒன்று.

"ஒருத்தன் சாகிறான், பதினஞ்சு பேர் சும்மா உட்கார்ந்திருக்கான்" என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடித்திருக்கவேண்டும். அவன் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

"சும்மா இல்லே பெரியப்பா. அது ஏன்னுதான் கண்டுபிடிக்கணும்."

நாலு நாள் கண்டுபிடித்தான். நாவல் எழுதுகிறவனுக்குத் துப்பறிவது பிடிக்கும். நானும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலில் அவன் சந்தேகம் லினக்ஸின் மேல் போனது. எந்தக் கோருக்கு எந்த வேலை என்று தீர்மானிப்பது அதுதான். மேஸ்திரிக்கும் மேலே உட்கார்ந்திருக்கிற கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குப்பிள்ளை ஒரு தடவை கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறான். 2016-ல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டில் சில ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வாசித்தார்கள். லினக்ஸ் பல வருஷங்களாகக் கோர்களை வீணடித்துக்கொண்டிருக்கிறது என்பது அதன் சாரம். அவர்கள் சோதித்த யந்திரத்தில் 64 கோர். எட்டு எட்டாக எட்டுக் கூட்டம். அதில் ஒரு பக்கம் 64 ஆள் வைத்து ஒரு பில்டு ஓடியது. இன்னொரு பக்கம் ஒற்றை ஆளாகவே ஓடுகிற இரண்டு பெரிய கணக்குகள் ஓடின. எல்லாருக்கும் சமபங்கு என்பது கணக்குப்பிள்ளையின் நியாயம். ஆகவே பில்டின் பங்கு 64 ஆகப் பிரிந்தது. அதன் ஆள் ஒவ்வொருவனும் கணக்கில் லேசாகிவிட்டான். ஒற்றை ஆளோ தன் முழுப் பங்கோடு மலைபோல் கனத்தான். அவன் உட்கார்ந்த கூட்டத்தில் மற்றவர்கள் சும்மா இருந்தாலும், கூட்டத்தின் சராசரிச் சுமை என்னவோ நிறைய என்று காட்டியது. "இங்கேயும் சுமை இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது, எல்லாம் சரிதான்" என்று கணக்குப்பிள்ளை ஏட்டை மூடிவிட்டான். அடுத்த கூட்டத்தில் ஒரு கோருக்கு இரண்டு பேர் வரிசையில் நிற்க, இங்கே கோர்கள் காலியாகக் கிடந்தன.

ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால்தான் என்று கணக்குப் பார்த்துக் குடும்பத்தோடு இறங்கினவன் கதை நமக்குத் தெரியும். அதே கதைதான். அந்த ஆராய்ச்சியாளர்கள் செய்த திருத்தம் ரொம்பச் சின்னது. சராசரியைப் பார்க்காதே, ஒவ்வொரு கூட்டத்திலும் எவனிடம் வேலை எல்லாரையும்விடக் குறைவாக இருக்கிறதோ அவனைப் பார் என்றார்கள். பில்டு முடிகிற நேரம் 13 சதவிகிதம் குறைந்தது.

இதைக் கேட்டபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அம்மா போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள், "ரெண்டு பிள்ளைகளும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவும் ஒரு சராசரிதான். எனக்கு அது அப்போது பொறுக்கவில்லை.

பையனுடைய யந்திரத்தில் கணக்குப்பிள்ளையின் மேல் குற்றமில்லை. சோதித்துப் பார்த்துவிட்டான். பங்கிடுவதற்கு வேலை இருந்தால் அவன் ஒழுங்காகவே பங்கிட்டான். வேலையே வந்து சேரவில்லை. அடுத்த கேள்வி, ஏன் வரவில்லை என்பது.

புரோகிராம் பதினொரு அறைகளாக, அதாவது பதினொரு டைரக்டரிகளாக, அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. எப்போதோ எவனோ எழுதி வைத்த விதிப்படி, மேஸ்திரி ஒரு அறையை முழுக்க முடித்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுத்த அறையைத் திறந்தான். ஒவ்வொரு அறையிலும் ஆரம்பத்தில் பதினாறு பேருக்கும் வேலை இருக்கும். கடைசி ஃபைல் ஒருவன் கையில் இருக்கும்போது மற்றவர்கள் கதவருகே நிற்பார்கள். அடுத்த அறையில் வேலை குவிந்து கிடக்கும்; உள்ளே விடமாட்டார்கள். இப்படிப் பதினொரு தடவை. இது தப்பான முறை என்று பீட்டர் மில்லர் என்பவர் 1990-களின் கடைசியிலேயே விளக்கமாக எழுதிவிட்டாராம். படித்தும் யாரும் மாற்றவில்லை. பையன் கதவுகளை எடுத்துவிட்டான். எல்லா ஃபைல்களையும் ஒரே பட்டியலாக்கினான்.

கோடுகள் நிறைந்தன. ஆனால் கடைசியில் மறுபடியும் அதே ஒற்றைக் கோடு. ஏழு நிமிஷம்.

அது ஒரே ஒரு ஃபைல். மனுஷன் எழுதியதல்ல; வேறொரு புரோகிராம் கக்கிய ராட்சச அட்டவணை. மற்ற ஃபைல்கள் சில விநாடிகளில் முடியும். இது ஒன்று மட்டும் ஏழு நிமிஷம் தின்னும். அகர வரிசையில் கடைசியில் இருந்ததால் கடைசியில்தான் ஆரம்பிக்கும். ஒரு ஃபைலை இரண்டு பேர் சேர்ந்து கம்பைல் செய்ய முடியாது. பிரசவத்துக்கு ஒன்பது பேரை நியமித்து ஒரே மாசத்தில் குழந்தை பெற முடியாதல்லவா?

இந்த விஷயத்தைப் பற்றி ரொனால்ட் கிரகாம் என்ற கணித மேதை 1966-லும் 1969-லும் இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறார். கணிதத்தில் எவ்வளவு பேரோ, அவ்வளவு பேர் பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கிற வித்தையிலும் அவருக்கு. அந்த வித்தைக்காரர்களின் சர்வதேசச் சங்கத்துக்குத் தலைவராகவே இருந்திருக்கிறார். ஆளைக் கூட்டினால்கூடச் சில சமயம் வேலை முன்னைவிட நேரமாகும் என்று அவர் உதாரணத்தோடு நிரூபித்தார். நான் முதலில் நம்பவில்லை. பையன் காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டினான். ஒரு ஆள் கூடுதலாக வந்ததும் வரிசை கலைகிறது. பெரிய வேலை ஒன்று தப்பான நேரத்தில் தப்பான ஆளிடம் போய்ச் சேருகிறது. எல்லாரும் அதற்காகக் காத்திருக்கிறார்கள். இதற்கு அவர் சொன்ன வழி, நம் வீட்டுப் பெண்கள் தினமும் செய்வதுதான்: நேரம் பிடிக்கிறதை முதலில் அடுப்பில் ஏற்று. அப்படிச் செய்தால், உத்தமமான ஏற்பாட்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாமதம் வராது என்று கணக்காகவே காட்டினார், வேலைகள் ஒன்றையொன்று எதிர்பார்க்காமல் இருக்கிற வரையில்.

பையன் ராட்சச ஃபைலை வரிசையில் முதலில் வைத்தான். ஒருவன் அதைக் கட்டிக்கொண்டு அழ, மற்றப் பதினைந்து பேர் மீதியை முடித்தார்கள். இலை போட்டுவிட்டுப் பாயசத்துக்காகக் காத்திருந்த பந்தி, இப்போது பாயசம் தயாரான பிறகு உட்கார்ந்தது.

"தீர்ந்துதா?" என்றேன்.

"இல்லே பெரியப்பா. இப்பத்தான் வேடிக்கை."

தடைகளை எடுத்ததும் பதினாறு பேரும் ஒரே சமயத்தில் கனமான ஃபைல்களை எடுத்தார்கள். பாதி வழியில் எல்லாக் கோடுகளும் ஒன்றாகப் படுத்துவிட்டன. ஒருவனும் வேலை செய்யவில்லை. யந்திரத்தில் இருந்த ஞாபகசக்தி 16 ஜிகாபைட். ஒவ்வொரு ஆளும் ஒன்றுக்கு மேல் கேட்டான். போதாமல் போகவே, பாதியைத் தூக்கி டிஸ்கில் வைப்பதும் மறுபடி எடுப்பதுமாக யந்திரம் தடுமாறியது. பையன் 16-ஐ 12 ஆகக் குறைத்தான். ஆள் குறைந்து வேலை வேகமாயிற்று.

அந்தக் கோடுகள் படுத்திருந்த நேரத்தில்தான் அவன் இன்னொன்றைக் காட்டினான். கோர்கள் எப்படிப் பொழுதைப் போக்குகின்றன என்பதற்கு லினக்ஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதில் வேலை செய்யாத நேரத்துக்கு இரண்டு கலம். ஒன்று, செய்ய எதுவுமே இல்லாமல் இருந்த நேரம். மற்றொன்று, வேலை இருந்தும் டிஸ்கிலிருந்து வரவேண்டியது வராததால் சும்மா நின்ற நேரம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்; கோடு குட்டையாக இருக்கும். யந்திரம் இரண்டையும் ஒன்றாக எழுதுவதில்லை.

"அன்னிக்கு நீங்க சும்மா உட்கார்ந்திருக்கான்னு சொன்னீங்களே. இதான்" என்று அந்த இரண்டாவது கலத்தின்மேல் விரலை வைத்தான். வேறு எதுவும் சொல்லவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் தம்பியோடு பேச்சு நின்ற கதை இதுதான். அம்மா படுக்கையில் இருந்த எட்டு மாசமும் டாக்டர், ஆஸ்பத்திரி, மருந்து, பணம், ராத்திரி முழித்திருப்பது எல்லாம் என் தலையில். அவன் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருவான். திண்ணையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பதின்மூன்றாம் நாள், சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், "நீ சும்மா உட்கார்ந்திருக்கத்தானே வந்தாய்" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டான். அப்போது பதினேழு வயசுப் பிள்ளையாக இருந்த இவன், அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

ஆறு வருஷமாக அந்தக் காட்சியில் ஒரு கோடு நீளமாகவும் ஒரு கோடு குட்டையாகவும்தான் எனக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி வேறு சிலவும் தெரிந்தன. மருந்துச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. டாக்டரின் போன் நம்பர் என்னிடம் மட்டும் இருந்தது. அம்மாவுக்கு எந்த வேளை எந்த மாத்திரை என்று ஒரு காகிதத்தில்கூட எழுதி ஒட்டியதில்லை. எல்லாம் என் மண்டைக்குள். "நான் என்ன செய்யட்டும் அண்ணா?" என்று அவன் வருகிற தடவையெல்லாம் கேட்டான். "நீ உட்கார், நான் பார்த்துக்கறேன்" என்றுதான் வருகிற தடவையெல்லாம் சொன்னேன். பாசத்தோடு சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு அகங்காரம் இருந்தது. பிரிக்க முடியாத ஒரே ராட்சச ஃபைலாக அம்மாவை நானே கட்டிப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் கை கட்டி நிற்கிறார்கள் என்று குறைப்பட்டிருக்கிறேன்.

தம்பியின் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. கேட்டுவிட்டு உட்கார்ந்து விடாமல் சட்டைப் பையில் கையை விட்டுச் சீட்டை எடுத்திருக்கலாம். ஆனால் அவனுடைய நேரத்தை நான் எந்தக் கலத்தில் எழுதினேன் என்பது என் கணக்கு.

பையன் கடைசியாக லிங்க் செய்கிற புரோகிராமை மாற்றினான். பழையது ஒற்றை ஆளாக வேலை செய்வது. புதிதாக வந்தவை அந்த வேலையையும் பல பேருக்குப் பிரிக்கின்றன. 38 நிமிஷம் 14 ஆயிற்று. "இன்னும் குறையுமா?" என்று கேட்டேன். குறையும், ஆனால் ஒரு எல்லை உண்டு என்றான். ஜீன் அம்டால் என்பவர் 1967-ல் சொன்ன விதி. ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒருவனே செய்தாகவேண்டியதாக இருந்தால், 16 பேர் சேர்ந்தாலும் வேகம் ஆறு மடங்குக்குச் சற்று மேலேதான் போகும். ஆயிரம் பேர் வந்தாலும் பத்து மடங்கைத் தொடாது. பங்கு போட முடியாத அந்தப் பகுதியை யாராவது தனியாக உட்கார்ந்து செய்துதான் தீரவேண்டும்.

அம்மாவின் திதி மார்கழியில் வருகிறது. கார்த்திகை பிறந்ததும் ஒரு நாள் பையனிடம் நம்பரை வாங்கித் தம்பிக்குப் போன் செய்தேன். நம்பர் எனக்கு மறந்துவிடவில்லை. ஆனாலும் கேட்டு வாங்கினேன்.

"அம்மா திதிக்குப் புரோகிதரையும் சமையலையும் நீ பார்த்துக்கோ. யார், எவ்வளவு, எல்லாம் உன் இஷ்டம். நான் தலையிட மாட்டேன்" என்றேன்.

வெகு நேரம் பதில் இல்லை. போனைக் கீழே வைத்துவிட்டானோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"இத்தனை வருஷம் கழிச்சுச் சொல்றியே" என்றான்.

"ஆமாம். தப்புதான். அன்னிக்குச் சொன்னதும் தப்பு."

"எத்தனை பேருக்கு இலை?" என்று கேட்டான்.

எனக்கு வாய்வரை எண்ணிக்கை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "அதையும் நீயே முடிவு பண்ணு" என்றேன்.

திதியன்று வந்தான். சமையலில் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. நான் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அவன் உள்ளே நடமாடிக்கொண்டிருந்தான். திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தவன் நான். என் கைகளுக்கு அது பழக்கமில்லை. அரைமணி நேரத்துக்குள் நாலு தடவை எழுந்து நின்றுவிட்டு உட்கார்ந்தேன். இந்தத் திண்ணையில் எட்டு மாசம் ஒருவன் எப்படி உட்கார்ந்திருந்தான் என்று நினைத்துப் பார்த்தேன்.